சாரல் நின்ற நாள்: ஒரு சிறு தேரையின் வரலாறு

(ஸ்ரீபெரும்புதூரில் சாதுர்மாச விரிவுரைத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் ஆண்டுதோறும் சான்றோர் பலர் அறநூல்களை விரித்துரைத்திருக்கின்றனர். நான் அறநூல் துறையில் கற்றவன் அல்லன். சமணக் குடியிற் பிறந்தவனும் அல்லன். கல்லூரியில் விலங்கியல் பயின்று, ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு மற்றும் சுற்றுச்சூழல் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். "தங்களுக்குத் தெரிந்த ஓர் உயிரைப் பற்றிப் பேசுங்கள்" என்று அறங்காவலர்கள் பணித்தார்கள். யானையையோ புலியையோ எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் ஒரு தேரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் கட்டைவிரல் நுனியில் அமரக்கூடிய, ஆப்பிரிக்காவில் ஒரே ஒரு மலைப்பிளவில் மட்டும் வாழ்ந்த தேரை.

தேரை என்றதும் நம்மவர் முகம் சுளிப்பர். தேங்காய் உள்ளீடற்றுப் போனால் 'தேரை மோந்தது' என்கிறோம். குழந்தை உடல் மெலிந்தால் 'தேரை விழுந்தது' என்கிறோம். தென்னைக்குச் சத்துக் குறைவும் குழந்தைக்குச் சோற்றுக் குறைவும் செய்த தீங்கிற்குத் தேரை பழி சுமக்கிறது. ஆயினும் அதே தமிழில் வேறொரு வழக்கும் உண்டு. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் ஒருவன் உண்டு என்பர். படியளப்பவன் யார் என்பதில் சமயங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். அளந்த படியைத் தட்டிப் பறிக்க வல்லவர் யார் என்பதில் வேறுபாட்டிற்கு இடமே இல்லை. அது நாம்தான். இன்று நான் சொல்லவிருக்கும் வரலாறு அதைப் பற்றியது.

கிகான்சிப் பிளவு

கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் உட்சுங்வா என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் தென்சரிவில் கிகான்சி என்னும் ஆறு, மேட்டு நிலத்திலிருந்து சமவெளிக்கு அருவி அருவியாக இறங்குகிறது. மொத்த இறக்கம் 800 மீட்டருக்கும் மேல். குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவிக்கு எதிரே நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீர் பாறையில் மோதித் தூளாகி, காற்றோடு கலந்து, முகத்தில் ஈரமாகப் படியும். குற்றாலத்தில் அது சில மாதங்களே. கிகான்சிப் பிளவில் அது ஆண்டு முழுவதும், இரவும் பகலும், எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக நின்றதில்லை. அந்த ஓயாத சாரலில் அருவியடியில் பாசியும் பெரணியும் படர்ந்த பசும்புல் வெளிகள் உண்டாயின. சுற்றிலும் காடு, நடுவே எந்நேரமும் நனைந்திருக்கும் சிறு வெளிகள்.

அவ்வெளிகளில் ஒரு தேரை வாழ்ந்தது. 1996ஆம் ஆண்டின் இறுதியில்தான் அறிவியலாளர் கண்ணில் அது பட்டது. 'நெக்டோஃப்ரினாய்டஸ் ஆஸ்பெர்ஜினிஸ்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். பின்பகுதி இலத்தீன் மொழியில் நீர்த்தூவலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நாம் அதைச் சாரல் தேரை என்று அழைப்போம்.

சாரல் தேரை பொன்மஞ்சள் நிறத்தது. பெண் தேரை 3 சென்டிமீட்டரை எட்டாது. ஆண் தேரை அதனினும் சிறியது. நம் ஊர்த் தேரைகள் நீரில் முட்டைச் சரங்களை இடும், முட்டை தலைப்பிரட்டையாகும், தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து வால் குறுகித் தேரையாகும். சாரல் தேரை முட்டையிடுவதில்லை. தாயின் வயிற்றுக்குள்ளேயே முட்டை பொரிந்து, தலைப்பிரட்டைப் பருவமும் அங்கேயே கழிந்து, முழு உருக்கொண்ட குட்டிகள் பிறக்கின்றன. பிறக்கும் குட்டியின் நீளம் 5 மில்லிமீட்டர். அஃதாவது ஒரு மிளகின் அளவு. குட்டை தேங்கி நிற்க இடமில்லாத செங்குத்துப் பிளவில் இத்தகைய பிறப்பு எத்துணைப் பொருத்தமானது என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வுயிரின் முழு உலகமும் ஏறத்தாழ 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர். நம் தொழிற்பூங்காவில் சரக்குந்துகள் நிறுத்தும் முற்றங்கள் சில அதனினும் பெரியவை. அந்த 5 ஏக்கரில் 20,000 தேரைகள் வரை வாழ்ந்தன. அதற்கு வெளியே உலகில் வேறெங்கும் ஒன்றுகூட இல்லை.

நீர் திரும்பியது

தேரை கண்டுபிடிக்கப்பட்ட வேளையில், அருவிக்கு மேலே அணை கட்டும் பணி முன்னரே தொடங்கியிருந்தது. அத்துணை உயரத்திலிருந்து விழும் ஆறு மின்னாக்கப் பொறியாளருக்குப் பெரும் வரம் அன்றோ? ஆற்று நீரைப் பிளவுக்கு மேலேயே தடுத்து, பாறைக்குள் குடைந்த சுரங்கவழியே இறக்கி, 180 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். உலக வங்கி உள்ளிட்ட அமைப்புகள் கடன் அளித்தன. அந்நாளில் தான்சானியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு நிலையம் தரவல்லதாயிருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இவ்வரலாற்றில் கொடியவர் எவரும் இல்லை. மின்சாரம் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வீட்டு விளக்குக்கும் வேண்டும். ஏழை நாடொன்று அதைத் தேடியதில் குற்றமில்லை. நானும் தொழிற்சாலைச் சோறு உண்டவன்; மின்வெட்டு நாள்களில் இவ்வூர் பட்ட பாட்டை அறிந்தவன். திட்டத்திற்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடும் செய்யப்பட்டிருந்தது. ஆனால் நீரை இழக்கப்போகும் அந்தப் பிளவுக்குள் எவ்வுயிர் வாழ்கிறது என்று உரிய வேளையில் எவரும் இறங்கிப் பார்க்கவில்லை. பார்த்தபோது சுரங்கம் குடையப்பட்டுக்கொண்டிருந்தது.

2000ஆம் ஆண்டு நிலையம் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. பிளவில் விழுந்த நீரில் பத்தில் ஒன்பது பங்கு சுரங்கத்திற்குள் திரும்பியது. அருவி நூலாக இளைத்தது. சாரல் நின்றது. பாசி காய்ந்தது. ஈரநிலச் செடிகள் இருந்த இடத்தில் களைகள் ஏறின. முன்னர் ஈரத்திற்கு அஞ்சி வாராதிருந்த எறும்புப் படைகள் வந்தன. தேரைகள் எஞ்சிய ஈரத்திட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கின.

அதன் பிறகு நடந்தவை மனிதரின் நல்லெண்ணத்திற்கும் சான்று. நல்லெண்ணம் காலந்தாழ்ந்து வந்தால் எத்துணைப் பாடுபட வேண்டும் என்பதற்கும் சான்று. முதலில், பிளவின் வெளிகளில் குழாய்கள் பதித்து, மேலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்தாலேயே இயங்கும் தூவிகளை அமைத்தார்கள். இயற்கை இலவசமாகப் பொழிந்த சாரலை மனிதர் குழாய்வழியே பொழிந்தார்கள். அடுத்ததாக, 2000ஆம் ஆண்டின் இறுதியில் 499 தேரைகளைப் பிடித்து, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலைக்கு விமானத்தில் அனுப்பினார்கள். பிளவில் என்ன நேர்ந்தாலும் விதையாகச் சில இருக்கட்டும் என்பது எண்ணம்.

தூவிகள் பலன் தந்தன. 2003ஆம் ஆண்டின் நடுவில் தேரைகளின் எண்ணிக்கை மீண்டும் 20,000ஐ நெருங்கியதாகக் கணக்கிட்டார்கள். காப்பாற்றிவிட்டோம் என்று மகிழ்ந்திருப்பார்கள். ஆறே மாதம். 2004 ஜனவரியில் தேடியவர்கள் கண்டவை விரல்விட்டு எண்ணத்தக்க சில தேரைகள் மட்டுமே. இறந்த தேரைகளின் தோலில் கைட்ரிட் என்னும் பூஞ்சை இருந்தது. நீர்நில வாழ்வன தோலாலும் மூச்சு விடுபவை. இப்பூஞ்சை அந்தத் தோலையே தாக்குவது. அணையின் அடிவண்டலைத் திறந்துவிட்டபோது மேட்டுநில வயல்களின் பூச்சிமருந்து கலந்து வந்திருக்கலாம் என்றும், தூவிகள் இடையில் பழுதுபட்டதும் ஒரு காரணம் என்றும் ஆய்ந்தோர் கருதினர். எது முதற்காரணமாயினும் ஒன்று தெளிவு. ஆறு உயிரோடிருந்த காலத்தில் தாங்கியிருக்கக்கூடிய இடியை, குழாயை நம்பி வாழ்ந்த காலத்தில் அத்தேரையால் தாங்க இயலவில்லை. 2009ஆம் ஆண்டு, இவ்வினம் இயற்கை வாழிடத்தில் அற்றுப்போனது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது.

கடல் கடந்த 499இன் நிலையும் எளிதாக இல்லை. என்ன ஒளி வேண்டும், எந்த அளவுப் பூச்சியை உண்ணும், எத்தனை ஈரம் தாங்கும் என்று எவர்க்கும் தெரியாது. ஒரு கட்டத்தில் உலகில் எஞ்சிய மொத்தத் தேரைகளும் நூற்றுக்குக் கீழே குறைந்தன. பிராங்க்ஸிலும் ஒகாயோ மாநிலத்து டொலீடோ காட்சிச்சாலையிலும் இருந்த பராமரிப்பாளர்கள் ஒவ்வொரு தவற்றிலும் ஒரு பாடம் கற்றனர். மிளகளவுக் குட்டிக்கு மிளகினும் சிறிய பூச்சிகளை வளர்த்து ஊட்டினர். எண்ணிக்கை நூறாகி, ஆயிரமாகி, பல ஆயிரமாயிற்று. 2010இல் 100 தேரைகள் தாய்நாடு திரும்பி, தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே அமைத்த கூடத்தில் குடியேறின. 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 2,000 தேரைகள் கிகான்சிப் பிளவில் மீண்டும் விடப்பட்டன. காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட ஒரு நீர்நில வாழ்வனவற்றின் இனம் தன் சொந்த மண்ணுக்குத் திரும்பியது உலகில் அதுவே முதன்முறை என்று அதைப் போற்றினார்கள்.

கதை அத்துடன் நிறைவடைந்துவிடவில்லை. பூஞ்சை இன்னும் உலகில் இருக்கிறது. ஆறு இன்னும் சுரங்கத்தில்தான் ஓடுகிறது. ஒரு தேரை மூச்சுவிடுவதற்கு ஓர் அணையும், இரு கண்டங்களின் ஆய்வுக்கூடங்களும், ஓயாத குழாய்களும் காவலிருக்க வேண்டியதாயிற்று. முன்னர் அதற்கு ஓர் அருவி போதுமாயிருந்தது.

கல்லில் வாழும் தேரை

"ஆப்பிரிக்காவில் நடந்ததற்கு ஒரகடத்தில் என்ன?" என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். நம் பக்கத்திற்கு வருவோம்.

1872ஆம் ஆண்டு இலண்டனில் இருந்த குந்தர் என்னும் விலங்கியல் அறிஞர் இலங்கையின் கண்டிப் பகுதித் தேரை ஒன்றை விவரித்து எழுதினார். அதன் பிறகு அது யார் கண்ணிலும் படாமையால் 2004இல் அற்றுப்போன இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டின் ஓடையோரத்தில் அது உயிரோடு இருந்தது. பின்னர் நடந்த ஆய்வில், வேறு பெயரில் அறியப்பட்டிருந்த மற்றொரு தேரையும் இதுவும் ஒன்றே என்றும் தெரிந்தது. இல்லை என்று தாளில் எழுதுவதும் உண்மையில் இல்லாமற்போவதும் வேறு வேறு என்பதை இதனால் அறியலாம்.

அதே குந்தர் 1876இல் மற்றொரு தேரையை விவரித்தார். ஏனைய தேரைகளுக்கு உள்ள சொரசொரப்பு இல்லாத, வழவழப்பான தோலுடைய சிறு தேரை. கிடைத்த இடம் 'மலபார்' என்று பொதுவாகக் குறித்திருந்தார். பிற்காலத்தில் அது கிழக்கு மலைத்தொடரின் வறண்ட பாறைக்குன்றுகளில், ஆந்திரத்து நாகார்ஜுனசாகர்ப் பக்கத்திலும் நம் செஞ்சிப் பக்கத்திலும் கண்டறியப்பட்டது. பாறை இடுக்கில் பகலைக் கழித்து, இரவின் குளிர்ச்சியில் வெளிவரும் உயிர். கல்லுக்குள் தேரை என்ற வழக்கு வெறுங்கற்பனை அன்று. செஞ்சிப் பாறையில் அது மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.

செஞ்சி என்றதும் இந்த அவையில் பலர்க்குத் திருநாதர்குன்று நினைவுக்கு வரும். இருபத்து நால்வர் திருவுருவமும் ஒரே பாறையில் செதுக்கப்பெற்ற இடம். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் கல்வெட்டு நினைவுகூரும் இடம். முனிவர் நோன்பிருந்த பாறைகளும் தேரை ஒண்டியிருக்கும் பாறைகளும் ஒரே இனக் கருங்கல்தான். நம் தொழிற்சாலைகளின் தரைக்கும், நாம் ஓட்டும் ஆறுவழிச் சாலைக்கும், கிடங்குகளின் தூண்களுக்கும் வேண்டிய ஜல்லியும் எம்சாண்டும் அத்தகைய கருங்கல்லை உடைத்தே வருகின்றன. எந்தக் குன்று உடைபடலாம், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது இடுக்கில் இருக்கும் உயிரைக் கேட்பார் யார்?

தாங்கல் இருந்த இடம்

இனி என் சொந்தக் குற்றத்தைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டா, அந்த நிறுவனத்தைக் குறைசொல்வது என் நோக்கமன்று. கையெழுத்திட்டவன் நான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கமெல்லாம் ஏரிகளும் தாங்கல்களும் நிறைந்த நிலம் என்பதைப் பழைய ஊர்க்காரர் அறிவர். மழைநீர் ஒரு தாங்கலில் நிறைந்து, கலங்கல் வழியே வழிந்து, அடுத்த ஏரிக்குப் போகும். இவ்வாறு ஒன்றிலிருந்து மற்றொன்றாக மிகுநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்லும். நான் பணிபுரிந்த இடத்தில் விரிவாக்கத்திற்காகப் பக்கத்து மனை ஒன்று வாங்கப்பட்டது. அதன் ஒரு மூலையில் ஒரு சிறு பள்ளம். கோடையில் வெடித்த களிமண்ணும் வேலிகாத்தானுமாகக் கிடக்கும். அங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுக்க மே மாதத்தில் இருவர் வந்தனர். அரைநாள் நடந்தனர். 'நீர்நில வாழ்வன எவையும் காணப்படவில்லை' என்று எழுதினர். விலங்கியல் பட்டம் பெற்ற நான் அதைப் படித்துக் கையெழுத்திட்டேன். மே மாதத்தில் தேரை மண்ணுக்குள் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மண்ணைப் புழுக்கையாகப் பறித்துக்கொண்டு பின்புறமாக உள்ளே இறங்கி, மழை வரும்வரை அசையாதிருக்கும் தவளையினத்தைத்தானே நம் முன்னோர் நுணல் என்றனர்? தெரிந்தும் எழுதவில்லை. திட்டம் தாமதமாகும் என்ற எண்ணம்.

பள்ளம் தூர்ந்தது. மேலே காங்கிரீட்டு முற்றம். ஐப்பசி மாதத்தில் முதற்பெருமழை கொட்டிய இரவில் எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. வண்டிகள் வழுக்குகின்றன என்றார்கள். போய்ப் பார்த்தேன். முற்றம் முழுவதும் தேரைகள். மஞ்சள் பூத்த பெருந்தவளைகள். தாம் பிறந்த நீரைத் தேடி நாற்புறமிருந்தும் வந்திருந்தன. நீரில்லை, விளக்கொளியும் சக்கரங்களும் இருந்தன. எஞ்சியவை மழைநீர் வடிகாலில் விழுந்து, செங்குத்துச் சுவரில் ஏறமாட்டாமல் தவித்தன.

துப்புரவுப் பணியில் அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் இருந்தார். மண்வாரியைக் கையில் பிடித்தபடி என்னிடம் சொன்னார்: "இது தாங்கலு சார். இதுங்க பொறந்த எடம். மழை வந்தா இங்கதான் வரும். வேற எங்க போவும்?"

அவர் சொன்னதற்கு என்னிடம் விடையில்லை. அன்றிரவு அவரோடு சேர்ந்து நானும் வாரினேன். அடுத்த ஆண்டும் வந்தன, குறைவாக. மூன்றாம் ஆண்டு மழையில் அந்த முற்றம் அமைதியாக இருந்தது. வண்டிகள் வழுக்கவில்லை. அந்த அமைதி என்னை உறங்கவிடாத நாள்கள் உண்டு. கிகான்சியில் உரிய வேளையில் இறங்கிப் பார்க்காதவர்களை நான் எவ்வாறு குறைகூற முடியும்?

அறியாமல் மிதித்தலும் அறிந்து மிதித்தலும்

உங்கள் நூல்களை அண்மையில்தான் ஓரளவு அறிந்தேன். தீங்கை நான்காகப் பகுத்து, வேண்டுமென்றே செய்வதை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும் என்றும், தொழிலில் நேரும் தீங்காகிய உத்யோகி ஹிம்சையை விழிப்போடு இயன்ற அளவு குறைக்க வேண்டும் என்றும் வகுத்திருக்கிறார்கள். தேரையை எவரும் வெறுத்துக் கொல்லவில்லை. அது வாழ்ந்த நிலையை மாற்றிவிட்டோம். அருவியின் சாரலும் தாங்கலின் பள்ளமும் அதற்கு உடலின் ஒரு பகுதி போன்றவை. இல்லறத்தார் செய்யலாகாத பதினைந்து தொழில்களுள் ஏரியையும் குளத்தையும் வற்றச் செய்வது ஒன்று என்று படித்தபோது திடுக்கிட்டேன். சிப்காட் என்ற சொல்லே பிறவாத காலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்!

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இராசகிருகத்துத் தவளை வருகிறது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. வர்த்தமானர் எழுந்தருளியிருப்பதை அறிந்து, ஒரு மலரைக் கவ்விக்கொண்டு வழிபடப் புறப்பட்ட தவளை, சிரேணிக மன்னனின் யானைக் காலில் மிதிபட்டு இறந்து தேவகதி அடைந்தது என்னும் வரலாறு இந்த அவைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. தவளையின் பக்தியை நீங்கள் பலகாலும் கேட்டிருப்பீர்கள். என் உள்ளம் யானையின் காலடியில் நின்றுவிட்டது. காலடியில் என்ன இருந்தது என்பது யானைக்குத் தெரியாது. மே மாதத்தில் கையெழுத்திட்ட எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் மண்ணில் உயிர் மிகும் என்பதற்காகத் துறவியர் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கிவிடுகின்றனர். அதுவே சாதுர்மாசம். துறவியரின் வெறுங்கால்கள் நிற்கின்ற அதே மழையில் நம் பதினாறு சக்கர வண்டிகள் நிற்பதில்லை. அவற்றை நிறுத்துங்கள் என்று சொல்லும் பேதைமை எனக்கில்லை. அவற்றால் இங்கே பல குடும்பங்களில் அடுப்பெரிகிறது. ஆனால் செய்யக்கூடியவை சில உண்டு.

மூன்று விண்ணப்பங்கள்

இந்த அவையில் மனை வாங்குவோர், கிடங்கு கட்டுவோர், வண்டி ஓட்டுவிப்போர், தொழிற்சாலைகளுக்குப் பொருள் வழங்குவோர் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது: மனை வாங்கினால் மழையில் ஒருமுறை பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த இரவில் ஒரு கைவிளக்கோடு சென்று, காது கொடுத்துக் கேளுங்கள். அங்கே என்ன வாழ்கிறது என்பதைத் தவளைகளே சொல்லிவிடும். கோடையில் எடுத்த கணக்கை நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

இரண்டாவது: பள்ளத்தைப் பள்ளமாக விடுங்கள். மனையில் தாழ்ந்த மூலை ஒன்று இருந்தால் அதைத் தூர்க்காமல், அதற்கு நீர் வரும் வாய்க்காலை அடைக்காமல் கட்டடத்தை வகுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் வெள்ளம் புகுந்த வீடுகளை நாம் மறக்கவில்லை. மேலே நீர் தங்க இடமில்லாமற் போனால் கீழே அது வீடுகளைத் தேடி வரும். வடிகால் செங்குத்தாக இருந்தால், இடையிடையே சரிவாக ஒரு சொரசொரப்பான கல்லையோ பலகையையோ சாய்த்து வையுங்கள். விழுந்த உயிர் ஏறிவரும். இதற்கு ஆகும் செலவு ஒரு வேளைத் தேநீர்ச் செலவு.

மூன்றாவது ஜீவதயை பற்றியது. உயிரைக் காப்பதாக எண்ணி, ஓரிடத்துத் தவளையையும் மீனையும் வேறோர் ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். ஒரு நீர்நிலையின் நோய் மற்றொன்றுக்குப் பரவுவது அவ்வாறுதான். கைட்ரிட் பூஞ்சையால் உலகில் 500க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வனவற்றின் இனங்கள் குறைந்துபோயின என்று 2019இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. சாலையில் கிடக்கும் தேரையை ஈரக்கையால் எடுத்து, அது போய்க்கொண்டிருந்த பக்கத்துப் புல்லில் விட்டால் போதும். ஜீவதயைக்கென ஒதுக்கும் நிதியில் பசுமடத்திற்குத் தருவது போக ஒரு சிறு பங்கை, ஊராரோடும் உரிய அலுவலரோடும் கலந்து, ஒரு தாங்கலின் வரத்துக்கால் தூர்வாரச் செலவிடுங்கள். பசுவுக்கும் அந்த நீர் வேண்டும்.

"தேரையால் நமக்கு என்ன பயன்?" என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், அது தின்னும் பூச்சிகளின் கணக்கைச் சொல்லலாம். தவளைக்காலுக்காகப் பெருந்திரளாகப் பிடித்து ஏற்றுமதி செய்ததால் வயல்களில் பூச்சி பெருகும் என்று அஞ்சி இந்திய அரசு 1987இல் அவ்வணிகத்தைத் தடைசெய்ததையும் சொல்லலாம். ஆனால் பயன் கருதி உயிரைக் காக்க வேண்டும் என்பதை உங்கள் அறமே ஏற்காது. இன்று உலகில் ஆராயப்பட்ட நீர்நில வாழ்வனவற்றுள் ஐந்தில் இரண்டு பங்கு இனங்கள் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்கின்றன. பறவைகளினும் பாலூட்டிகளினும் அவை மிகுதியாக அல்லற்படுகின்றன. அவற்றிற்குக் குரல் இருக்கிறது. மழையிரவில் ஊரே கேட்கக் கத்துகின்றன. காது கொடுக்க வேண்டியது மட்டுமே நம் பங்கு.

கிகான்சியில் இன்றும் குழாய்கள் சாரல் பொழிய வேண்டியிருக்கிறது. அது மனிதர் தம் பிழையை உணர்ந்ததன் அடையாளம், அதை வணங்குகிறேன். ஆயினும் நம் தாங்கல்களுக்கு அந்நிலை வர வேண்டா. இந்த ஐப்பசியில் மழை பெய்யும் முதலிரவில், உங்கள் வண்டி முற்றத்திற்கு ஒருமுறை நடந்து செல்லுங்கள். அங்கே ஒரு தேரையைக் கண்டால், அதற்கு நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அதனிடமிருந்து எதை எடுத்துவிட்டோம் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.